90 டிகிரியில் பாலியஸ்டர்

அண்ணனின் அறுபதாங் கல்யாணத்தைக் கண்டனூரில் உள்ள பழைய வீட்டிலேயே நடத்துவது என்று முடிவானதும், வளவு எனப்படும் நடுமுற்றத்தின் தூண்களுக்குத் துணி சுற்றும் பொறுப்பை அண்ணமிண்டி ஏற்றுக்கொண்டார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். ஈரோட்டிலிருந்து 40 மீட்டர் வெள்ளைப் பாலியஸ்டர் ஜார்ஜெட் வரவழைத்து, பாதியைக் கடுகு நிறத்திலும் மீதியை அரக்கு நிறத்திலும் தாமே சாயமிட்டுக்கொள்வது அவருடைய திட்டம். கண்டாங்கிப் பருத்திப் புடவையின் நிறங்கள் தூணிலும் தெரிய வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கடையில் கிடைத்த சாயப்பொடியை வாங்கி, உப்புச் சேர்த்துக் கொதிக்கவைத்து, முதல் ஐந்து மீட்டரை முக்கி எடுத்தபோது துணி நல்ல கடுகு நிறத்தில்தான் வெளியே வந்தது. இரண்டு முறை அலசியதும் நிறம் முழுவதும் தண்ணீரோடு போய், ஜார்ஜெட் பழையபடி வெள்ளையாக நின்றது.

"கண்டாங்கியிலே ஏறுற சாயம் இதிலே மட்டும் ஏன் ஏறமாட்டேங்குது?" என்று என்னிடம் கேட்டார். சாயப்பட்டறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், இத்தகைய கேள்விகள் இயல்பாகவே என்னிடம் வந்து சேரும். விழாவுக்கு மூன்று வாரங்கள் இருந்தன. பட்டறைக்கு அனுப்பினால் ஒரே நாளில் முடியக்கூடிய வேலைதான். ஆனால் மூன்றரைக் கிலோ துணிக்காக எந்தப் பட்டறையும் இயந்திரத்தை ஓட்டாது. ஆகவே, கொதிநிலைக்குக் கீழேயே, வீட்டு முற்றத்தில் வைத்து, ஆல்கஹாலின் உதவியோடு பாலியஸ்டருக்குச் சாயமேற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். அந்த மூன்று வாரங்களில் செய்ததையும் கண்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அண்ணமிண்டியின் கேள்விக்கு வருவோம். பருத்தி நீரை விரும்பும் இழை. சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 விழுக்காட்டை ஒட்டிய ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பாலியஸ்டர் பிடிப்பதோ 0.4 விழுக்காடு. எங்கள் வீட்டு முட்டைப்பூச்சுச் சுவரை நினைத்துக்கொண்டால் போதும். பூசாத செம்புறாங்கல்லில் தெளித்த நீர் உடனே உள்ளே இறங்கிவிடும். முட்டை வெண்கரு கலந்து மெருகேற்றிய சுவரில் தெளித்தால் வழிந்து ஓடிவிடும். உப்பும் நீரும் சேர்ந்து சாயத்தை இழைக்குள் செலுத்தும் முறை பருத்திக்கு மட்டுமே பொருந்தும். பாலியஸ்டருக்குள் அந்த வழியே செல்ல முடியாது.

1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் இந்த இழையைக் கண்டறிந்தபோதே, அதற்கு நிறமேற்றுவது எப்படி என்ற சிக்கலும் உடன்பிறந்துவிட்டது. பாலியஸ்டர் இழையில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதிகளும், ஒழுங்கற்றுக் கிடக்கும் பகுதிகளும் கலந்திருக்கின்றன. படிகப் பகுதிக்குள் சாயம் எந்நாளும் நுழையாது. ஒழுங்கற்ற பகுதிகளும் அறை வெப்பத்தில் கண்ணாடி போல் இறுகியே கிடக்கும். ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் அங்குள்ள மூலக்கூறுத் தொடர்கள் அசையத் தொடங்கி, இடையிடையே சிறு வெற்றிடங்கள் தோன்றி மறையும். அந்த வெற்றிடங்களின் வழியே ஒவ்வொரு மூலக்கூறாகத்தான் சாயம் உள்ளே நகர முடியும். நைலானை நீரே ஓரளவு இளக்கிவிடுவதால் அது கொதிநிலைக்குள்ளேயே சாயமேற்றுக்கொள்கிறது. பாலியஸ்டரை நீர் தீண்டுவதேயில்லை என்று சொல்லலாம். அதனால் அங்கே முழுப் பளுவும் வெப்பத்தின் மேல் விழுகிறது.

பாலியஸ்டருக்கென்று பயன்படுவது டிஸ்பர்ஸ் சாயம். அது நீரில் கரைவதில்லை என்று பலர் சொல்வது முழு உண்மையன்று. மிகமிகச் சிறிதளவு, லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்ற அளவில் கரைகிறது. மீதிச் சாயம் நுண்துகள்களாக நீரில் மிதந்துகொண்டிருக்கும். கரைந்த சிறு பகுதி இழைக்குள் புகுந்ததும் அந்த இடத்தை நிரப்பத் துகள்களிலிருந்து இன்னும் கொஞ்சம் கரையும். அதுவும் இழைக்குள் போகும். இந்த வரிசை தடையின்றி விரைவாக நகர்வதற்காகத்தான் பட்டறைகளில் மூடிய இயந்திரத்தில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரிக்குச் சூடேற்றுகிறார்கள். வீட்டுப் பிரஷர் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே ஏறக்குறைய 120 டிகிரிதான் இருக்கும். ஒரு சட்டைக்கோ இரண்டு ரிப்பனுக்கோ அதுவே போதுமானது. பிறகு அந்தக் குக்கரில் சோறு வைக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. 40 மீட்டர் ஜார்ஜெட்டைக் குக்கரில் திணிக்க முடியாது.

அழுத்தக் கலன்கள் பரவலாவதற்கு முன்பு, கொதிநிலையிலேயே வேலையை முடிக்க 'கேரியர்' எனப்படும் துணைப்பொருள்களைச் சேர்த்தார்கள். ஆர்த்தோ ஃபினைல் ஃபினால், பைஃபினைல், டிரைகுளோரோ பென்சீன், மெத்தில் சாலிசிலேட் என்று அந்த வரிசை நீளும். கடைசியில் சொன்னது வலித்தைலத்தின் வாசனை கொண்டது. மற்றவற்றின் நெடியை எதனோடும் ஒப்பிட எனக்கு மனமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பட்டறையில் கம்பளி கலந்த பாலியஸ்டருக்காகக் கேரியர் பயன்படுத்தினார்கள். கம்பளி 130 டிகிரியைத் தாங்காது என்பதால் அங்கே வேறு வழியில்லை. மாலையில் குளித்த பிறகும் தலைமுடியிலிருந்து அந்த நெடி போகாது. காற்றுப்போக்கிக்காக நாங்கள் பலமுறை கேட்டும், நான் அங்கிருந்த வரையில் அது வரவில்லை. இப்பொருள்களில் சில உடலுக்கும் நீர்நிலைக்கும் தீங்கானவை என்பதால், பிற்காலத்தில் பல இடங்களில் ஒதுக்கப்பட்டன.

ஆல்கஹாலைச் சேர்க்கும் எண்ணம் கம்பளியிலிருந்து வந்தது. 1950-களில் இங்கிலாந்தில் பென்சைல் ஆல்கஹாலையும் பியூட்டனாலையும் சாயநீரில் சிறிதளவு கலந்து, கம்பளியைக் கொதிக்கவிடாமலே சாயமேற்ற முடியும் என்று காட்டினார்கள். அதே பென்சைல் ஆல்கஹால் பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகியவற்றையும் இளக்கக்கூடியது. அது மல்லிகையின் மணத்திலும் சிறிதளவு இருக்கிறது என்பதை ஆத்தாவிடம் சொன்னபோது, அப்படியானால் தலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

ஆல்கஹால் செய்வது இரண்டு வேலை. சாயநீரில் இருந்துகொண்டு, திரண்டு கிடக்கும் சாயத் துகள்களைக் கூடுதலாகக் கரைத்துத் தனி மூலக்கூறுகளாக்குகிறது. இது முதல் வேலை. இழைக்குள் புகுந்து, இறுகிய தொடர்களுக்கிடையே உட்கார்ந்து, அவை அசையத் தொடங்கும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது; இது இரண்டாவது. இவ்விரண்டில் இரண்டாவதுதான் நமக்குத் தேவையானது. முதல் வேலை ஓர் அளவு வரை நன்மை. அந்த அளவைத் தாண்டினால் சாயத்துக்கு இழையைவிட நீரே வசதியான இடமாகிவிடும். உள்ளே போக வேண்டிய சாயம் வெளியிலேயே தங்கிவிடும். ஆகவே எந்த ஆல்கஹாலைச் சேர்த்தாலும் நடக்கும் என்று எண்ணக் கூடாது. நீரை விட்டு இழைக்குள் போகும் விருப்பம் அதற்கு இருக்க வேண்டும்.

இதை எண்ணால் விளக்க முயன்றால் ஓரிடத்தில் சறுக்கும். கரைப்பான்களுக்குக் 'கரைதிறன் அளவெண்' என்று ஒன்று உண்டு. அமெரிக்க வேதியியலாளர் ஜோயல் ஹில்டபிராண்ட் வகுத்தது. இரு பொருள்களின் எண்கள் நெருங்கியிருந்தால் அவை ஒன்றோடொன்று கலக்க விரும்பும் என்பது விதி. பாலியஸ்டருக்கு அது ஏறக்குறைய 22, பென்சைல் ஆல்கஹாலுக்கு 23.8, பியூட்டனாலுக்கு 23.2, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு 23.5, எத்தனாலுக்கு 26.5, நீருக்கோ 48-ஐ ஒட்டியது. இதை மட்டும் பார்த்தால் ஐசோபுரோப்பைல், பென்சைல் ஆல்கஹாலுக்கு இணையாக வேலை செய்ய வேண்டும். செய்வதில்லை. காரணம், ஐசோபுரோப்பைல் நீரோடு எந்த விகிதத்திலும் கலந்துவிடும்; சாயநீரில் அது போடப்பட்டவுடன் நீரோடு உறவாடிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. பென்சைல் ஆல்கஹாலோ நீரில் லிட்டருக்கு 40 கிராம் அளவே கரையும். நீரில் அரைமனத்தோடு இருக்கும் அது, தன்னைப் போலவே பென்சீன் வளையம் கொண்ட பாலியஸ்டரைக் கண்டதும் அதற்குள் இடம்பெயர்கிறது. அளவெண்கள் ஒத்திருப்பதைவிட, நீரில் அது எவ்வளவு தயக்கத்தோடு இருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வேறுபாட்டை நானாக யோசித்துச் சோதித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் கேன் ஒன்று இரண்டாங்கட்டில் கிடந்தது. அதையே ஊற்றிப் பார்க்கலாமே என்று அண்ணன் மகன் சொன்னதால் தொடங்கியது. ஐசோபுரோப்பைல் 82 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிப்பவை. தீப்பற்றும் ஆவி அறை வெப்பத்திலேயே எழும். இது போதாதென்று, பத்து விழுக்காடு எத்தனால் கலந்த நீர் நூறு டிகிரிக்குப் போவதேயில்லை. 91, 92 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கி, ஆல்கஹாலை ஆவியாக வெளியேற்றிக்கொண்டிருக்கும். வெப்பத்தைக் குறைக்கச் சேர்த்த பொருள், இருக்கும் வெப்பத்தையும் பிடித்து நிறுத்திவிட்டுத் தானும் போய்விடுகிறது. இரண்டு சிறு துண்டுகளில், எரிவாயு அடுப்பின்றி, திறந்த முற்றத்தில் இண்டக்ஷன் அடுப்பை வைத்து முயன்று பார்த்தேன். ஆல்கஹால் இல்லாத துண்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பியூட்டனால் வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் ஆவி 35 டிகிரி அளவிலேயே தீப்பற்றக்கூடியது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது அடுப்பில்லாமலே எட்டிவிடும் வெப்பம். மரத்தூணும் மர உத்தரமும் நிறைந்த வீட்டுக்குள் அதை நான் கொண்டுவரவில்லை.

பென்சைல் ஆல்கஹால் 205 டிகிரியில்தான் கொதிக்கும். தீப்பற்றும் நிலையும் 90 டிகிரிக்கு மேல்தான், அதுவும் நீர் கலக்காத தூய நிலையில். தோலையும் கண்ணையும் உறுத்தும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மின்வேதியியல் ஆய்வகமே இருக்கும் காரைக்குடியின் கடைகளில் நான் தேடியபோது அது கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு ரசாயனக் கடையில் வாங்கிவந்தேன். குப்பியைத் திறந்ததும் கசப்பு வாதுமையின் வாசனை மெலிதாக அடித்தது. காற்றுப்பட்டு அதில் ஒரு சிறு பகுதி பென்சால்டிஹைடாக மாறியிருந்தால் அப்படி இருக்கும்; நம் வேலைக்கு அதனால் கெடுதல் இல்லை.

சோதனைக்குப் பழைய ஊறுகாய் ஜாடிகளை இட்லிக் கொப்பரையில் வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் வெந்நீர் ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் 10 கிராம் ஜார்ஜெட், 300 மில்லி நீர், துணி எடையில் ஒரு விழுக்காடு சாயம், pH அளவு 5-ஐ ஒட்டி இருக்கும்படி சில சொட்டு அசெட்டிக் அமிலம். பென்சைல் ஆல்கஹால் மட்டும் லிட்டருக்கு 0, 10, 20, 30, 40, 60 மில்லி என்று ஏறுவரிசையில். 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, சோப்பில் அலசி, முகப்பில் வரிசையாகக் காயப்போட்டபோது, நிறம் ஒரு குன்றின் வடிவில் ஏறி இறங்கியது. ஒன்றும் சேர்க்காத துண்டு வெளிர்மஞ்சள். பத்தில் சற்றுக் கூடுதல். இருபதில் திடீரென்று நல்ல கடுகு. முப்பதில் இன்னும் கொஞ்சம். நாற்பதில் முப்பதைவிடக் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. அறுபதில் துணி முப்பதைவிட வெளுத்து, ஜாடியில் மிஞ்சிய நீரோ மற்ற எல்லாவற்றையும்விடக் கறுத்திருந்தது. அதோடு துணியில் ஆங்காங்கே கரும்புள்ளிகளும் விழுந்திருந்தன. தண்ணீர் சூடேறும் முன்பே கரையாத ஆல்கஹால் சொட்டுகள், தம்மோடு சாயத்தைத் திரட்டிக்கொண்டு துணியின் மேல் உட்கார்ந்ததன் விளைவு அது. பிறகு வந்த எல்லாச் சோதனைகளிலும் ஆல்கஹாலை முதலில், துகள்களைத் திரளவிடாமல் பிரித்துவைக்கும் டிஸ்பர்ஸிங் ஏஜென்ட்டோடும் கொஞ்சம் வெந்நீரோடும் பால் போல் அடித்துக் கலக்கிய பிறகே ஊற்றினேன்.

சாயத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். இதில் தவறினால் ஆல்கஹாலால் ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்பர்ஸ் சாயங்களில் சிறிய மூலக்கூறு கொண்டவை எளிதாக உள்ளே போகும். பெரியவை 130 டிகிரி இல்லாமல் நகராது. சாயப் பட்டியல் எண்களில் சொன்னால், மஞ்சள் 54, சிவப்பு 60, நீலம் 56 ஆகிய மூன்றும் முதல் வகை. குறைந்த வெப்பத்துக்கு இவையே ஏற்றவை. கடற்படை நீலத்துக்கு எல்லோரும் எடுக்கும் நீலம் 79 இரண்டாம் வகை. 90 டிகிரியில் எவ்வளவு ஆல்கஹால் ஊற்றினாலும் அது முகம் கொடுக்காது. எளிதில் உள்ளே போகும் சாயம் சூடான இஸ்திரியில் எளிதில் வெளியே வரவும் செய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது. தூணில் சுற்றும் துணிக்கு அது பொருட்டில்லை; உடுத்தும் துணிக்குப் பொருட்டு. டிஸ்பர்ஸ் நீலங்களில் 106, 124 போன்றவை தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதாக அறியப்பட்டவை. உடையாக மாறும் எதற்கும் அவற்றைத் தொடவே கூடாது.

பெரிய அளவில் தொடங்கும்போது முதல் தகராறு பாத்திரத்தைப் பற்றி வந்தது. வளவுத் தாழ்வாரத்திலிருந்து விழும் மழைநீரைப் பிடித்துவைக்கும் பித்தளை அண்டா, துணி தாராளமாகப் புரளும் அளவுக்குப் பெரியது. ஆனால் ஆத்தா அதைத் தொடவிடவில்லை. அவருடைய காரணம் வேறு. என் காரணமும் அவர் பக்கமே சேர்ந்தது, ஏனென்றால் செம்பு கலந்த பாத்திரத்திலிருந்து கரையும் உலோகம் சில சாயங்களின் நிறத்தை மங்கவைத்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைத் தனியாக வாங்கினேன். அண்டாவில் இருந்த மழைநீரை மட்டும் அவர் அனுமதியோடு எடுத்துக்கொண்டேன். எங்கள் கிணற்று நீரின் கடினத்தன்மை டிஸ்பர்ஸ் சாயத்தைத் திரியவைத்துவிடும் என்பதால், அந்த மழைநீர்தான் வேலையைக் காப்பாற்றியது.

பட்டறையில் எம்.எல்.ஆர். என்று சொல்லும் துணிக்கும் நீருக்குமான விகிதத்தை ஜாடியில் முப்பதாக வைத்திருந்தேன்; பெரிய பாத்திரத்தில் இருபதாகக் குறைத்தேன். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான துணி, 20 லிட்டர் நீர், அதில் லிட்டருக்கு 25 மில்லி வீதம் அரை லிட்டர் பென்சைல் ஆல்கஹால். 50 டிகிரியில் துணியை இறக்கி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் 90 வரை ஏற்றி, மூடி போட்டு, ஒரு மணி நேரம் மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புரட்டுவதை நிறுத்தினால் மடிப்புக்குள் நிறம் ஏறாது. அண்ணன் மகனும் நானும் மாறிமாறிப் புரட்டினோம். முடிந்ததும் துணியை உடனே குளிர்நீரில் போட்டுவிடக் கூடாது. இளகிய நிலையில் இருக்கும் இழை அப்போது விழும் சுருக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். பாத்திரத்திலேயே 60 டிகிரிக்குக் கீழே மெதுவாக ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் பாத்திரத்தில் அவசரப்பட்டதன் அடையாளம் இப்போதும் ஒரு தூண் துணியில் சுருக்கமாக நிற்கிறது.

அதன் பிறகு ஆர்.சி. வாஷ், அதாவது ரிடக்ஷன் கிளியரிங் எனப்படும் அலசல். இழையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை நீக்க, லிட்டருக்கு 2 கிராம் ஹைட்ரோஸும் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) 2 கிராம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, 70 டிகிரியில் கால் மணி நேரம். ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அதை மழை படாத அறையில் இறுக மூடிவைத்தேன். இந்த அலசலை விட்டுவிட்டால் வெள்ளை வேட்டியோடு தூணில் சாய்பவர் முதுகில் கடுகு நிறம் ஒட்டிக்கொள்ளும். இழைக்குள் தங்கிவிட்ட ஆல்கஹாலையும் வெளியேற்றியாக வேண்டும். அது இருக்கும்வரை துணியில் வாசனையும் இருக்கும், வெயிலுக்கு நிறம் வெளுப்பதும் கூடும். பட்டறையில் சூடான காற்றுக்கூடத்தில் 150 டிகிரிக்கு மேல் ஓட்டி இதைச் செய்வார்கள். நான் இரண்டு நாள் முற்றத்துக் காற்றில் உலர்த்தி, மேலே பருத்தித் துணி விரித்து இஸ்திரி போட்டேன்.

கடுகு நிறம் அண்ணமிண்டி காட்டிய கண்டாங்கித் தலைப்போடு வைத்துப் பார்க்கும் அளவுக்கு அமைந்தது. அரக்கு அமையவில்லை. துணி எடையில் நான்கு விழுக்காடு சாயம் போட்டும் செங்கல் நிறத்தைத் தாண்டவில்லை. சாயநீரில் மிஞ்சிய சிவப்பு, உள்ளே போக மறுத்தது எவ்வளவு என்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. வெளிர், நடுத்தர ஷேடுகளுக்கு இம்முறை போதும். ஆழ்ந்த நிறத்துக்கு 130 டிகிரிதான் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அண்ணமிண்டி ஒன்றும் சொல்லாமல், ஆத்தங்குடித் தளக்கல்லின் சிவப்போடு இது பொருந்துகிறது என்று எடுத்துக்கொண்டார்.

இனி, இத்தனை நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கணக்குக்கு வருகிறேன். ஒரு லிட்டர் நீரை 30-இலிருந்து 130 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 420 கிலோஜூல் வேண்டும். 90-க்கு ஏற்ற 252 போதும். ஐந்தில் இரண்டு பங்கு வெப்பம் மிச்சம் என்று கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாடிக் கணக்கின்படி, 1:30 விகிதத்தில் லிட்டருக்கு 30 மில்லி என்றால், ஒரு கிலோ துணிக்கு 900 மில்லி பென்சைல் ஆல்கஹால் செலவாகிறது. அதாவது துணியின் எடைக்கு ஏறத்தாழச் சமமான எடையில் ஆல்கஹால்! அதை முழுவதுமாக எரித்து மட்கவைக்க, ஒரு கிராமுக்கு இரண்டரைக் கிராம் ஆக்சிஜன் வேண்டும். நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரில் இந்த வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்தச் சாயநீரிலோ, துணி ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்ட பிறகும், பல்லாயிரம் மில்லிகிராம் நிற்கும். பென்சைல் ஆல்கஹால் நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்கப்படுவது உண்மைதான். ஆனால் சிதைக்கும்போது அவை ஊருணியில் உள்ள ஆக்சிஜனையெல்லாம் குடித்துவிடும், மீன் மிதக்கும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் அந்தப் பக்கத்தில்தான் வேலையில் இருந்தேன். நொய்யலின் நிறத்தைப் பார்த்தவன், அடுப்பில் மிச்சம் பிடித்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு லாபக் கணக்கு எழுத முடியாது.

இந்தக் கணக்கைக் குறைக்கும் வழி, சாயநீரைக் கொட்டாமல் மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவது. சாயத்தின் பெரும்பகுதி துணிக்குள் போய்விட்டாலும் ஆல்கஹாலில் கூடுதலான பங்கு நீரிலேயே நிற்கிறது. ஆகவே கடுகு நிறத்தின் முதல் பாத்திரத்துக்கு அரை லிட்டர் ஊற்றிய பிறகு, அடுத்த பாத்திரத்துக்குக் குறைந்த நீரையும் அமிலத்தையும் சாயத்தையும் ஈடுசெய்து, ஆல்கஹால் 120 மில்லி மட்டும் சேர்த்தேன். கடுகு முடிந்த அதே நீரில் சிவப்பைச் சேர்த்துச் செங்கல் நிறத்துக்கும் சென்றேன். மிஞ்சிய மஞ்சள் அந்த நிறத்துக்கு வேண்டியதுதான். நான்கு பாத்திரத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டருக்குள் முடிந்தது. நீரைப் புதிதாக மாற்றிக்கொண்டே இருந்திருந்தால் இரண்டு லிட்டர் ஆகியிருக்கும். ஆழ்ந்த நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்குத் திரும்ப முடியாது என்பதால், வரிசையை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் 130 டிகிரி இயந்திரம் இருப்பவர் வெறும் பாலியஸ்டருக்கு இந்த வழிக்கு வர வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். மூடிய இயந்திரத்தில் நீர் குறைவு, துணைப்பொருள் குறைவு, நிறமும் ஆழம். வெப்பம் தாங்காத ஒன்று துணியில் கலந்திருக்கும் இடத்தில்தான் ஆல்கஹாலுக்கு உண்மையான வேலை இருக்கிறது. கம்பளி கலந்த பாலியஸ்டர் ஒன்று. உயர் வெப்பத்தில் இழுவைத்திறனை இழக்கும் ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி இன்னொன்று. நைலானுக்கு இதை முயல்பவர்கள் அளவை மிகக் குறைத்துத் தொடங்க வேண்டும், ஏனென்றால் பென்சைல் ஆல்கஹால் நைலானைப் பாலியஸ்டரைவிடப் பல மடங்கு இளக்கும். அசிடேட் துணியை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதை இது கரைத்தே விடும்.

அறுபதாங் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்திக்கு வந்தவர்களில் ஒருவர்கூடத் தூணைப் பற்றிக் கேட்கவில்லை. வெள்ளை வேட்டிகளிலும் கறை எதுவும் ஏறவில்லை. கடைசிப் பாத்திரத்தின் சாயநீரும் ஜாடிகளில் மிஞ்சியதும் 20 லிட்டர் கேன்கள் இரண்டில், 'குடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டப்பட்டு, இரண்டாங்கட்டில் மூன்று வாரமாக இருந்தன. சுத்திகரிப்பு வசதி உள்ள ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் பழைய நண்பர் எடுத்துவரச் சொல்லியிருந்தார். ஈரோட்டுக்குப் போகும் வேன் கிடைக்கத்தான் தாமதமாயிற்று. போன செவ்வாய்க்கிழமை அவை போய்ச் சேர்ந்தன. அந்த இடத்தைக் கழுவிவிட்டு ஆத்தா வற்றல் காயவைத்திருக்கிறார்.